பினாங்கு கடைவீட்டு அறை: முகப்பைப் பார்க்காதீர்கள், சுவரின் அடியைப் பாருங்கள்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் தங்க இடம் தேடினால் வரிசையாக வந்து நிற்பவை ஒரே மாதிரிப் படங்கள்தான். நீலமோ மஞ்சளோ பூசிய முகப்பு, பச்சை மரச் சன்னல், வாசலில் சாத்தி வைத்த பழைய சைக்கிள், உள்ளே பூப்போட்ட தரைக்கல். முப்பது வருடத்துக்கு முன் இதே வீடுகளில் பலவற்றின் கூரையில் அரசங்கன்று முளைத்துக் கிடந்தது. இன்றைக்கு அவை பூட்டிக் ஹோட்டல். படத்தில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்; இரவு படுத்தெழுந்தால்தான் வித்தியாசம் புரியும்.

இது தனி ஒரு விடுதிக்கான மதிப்புரை இல்லை. பழைய கடைவீட்டைப் பழுது பார்த்து வாடகைக்கு விடும் அறை என்கிற சரக்கு எப்படி, கொடுக்கிற காசுக்குத் தகுமா, எதைப் பார்த்து எடுப்பது என்பதற்கானது. மதிப்பெண் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் ஐந்துக்கு மூன்றரை. சுண்ணாம்பில் ஒழுங்காகச் செப்பனிட்ட வீட்டின் பின்கட்டு மாடி அறைக்கு நாலரை தாராளமாகத் தரலாம். முகப்பை மட்டும் நிறுத்திவிட்டு உள்ளே கான்கிரீட் பெட்டி கட்டியிருந்தால் இரண்டே அதிகம்.

முதலில் வீட்டின் வாகு. கீழே கடை, மேலே குடும்பம், அதனால் கடைவீடு. அகலம் சுமார் இருபது அடி. நீளம் மட்டும் அறுபது அடியில் தொடங்கி நூறைத் தாண்டியும் போகும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய பொதுச் சுவர், ஆகவே பக்கவாட்டில் சன்னலுக்கு வழியே இல்லை. காற்றும் வெளிச்சமும் வர நடுவில் வானம் பார்த்த முற்றம். செட்டிநாட்டு வீட்டு முற்றத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். இது கிணறு போல ஒடுங்கியது. முன்னால் மாடியைத் தாங்கும் தூண்களுக்குள் ஐந்தடிப் பாதை, மலாயில் காக்கி லீமா. மாடித் தரை மர விட்டத்தின் மேல் பலகை. கூரை, இரண்டடுக்காகக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் அடுக்கிய சுட்ட மண் ஓடு. அறையில் கிடைக்கப்போகும் சுகமும் தொல்லையும் இந்த அமைப்பிலிருந்தே வருகின்றன.

இத்தனை வீடு இடிபடாமல் தப்பியதற்குப் பழமைப் பற்று காரணம் இல்லை, வாடகைச் சட்டம்தான் காரணம். 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிடித்து வைத்திருந்தது. வரும் வாடகை ஓடு மாற்றக்கூடப் போதாது என்று வீட்டுக்காரர் பழுது பார்க்கவில்லை. குடியிருப்பவரைக் கிளப்ப முடியாததால் இடிக்கவும் இல்லை. 1969-இல் தீர்வையில்லாத் துறைமுகம் என்ற சலுகை போய், வியாபாரமும் மெலிந்தது. சட்டம் 1997-இல் நீக்கப்பட்டு, 2000 சனவரி முதல் வாடகை அவிழ்த்துவிடப்பட்டது. வாடகை எகிறியதும் தகரக்காரர், கூடை முடைபவர், கடைச்சிப்பந்திக் குடும்பங்கள் என்று அடித்தட்டு ஆட்கள் அடுக்குமாடிகளுக்கு நகர்ந்தார்கள். காலியான சில வீடுகளில் சன்னலை அடைத்து, ஒலிபெருக்கியில் பறவைச் சத்தம் போட்டு, சூப் வைக்க விலைபோகும் கூட்டுக்காக உழவாரக் குருவி வளர்த்தார்கள். கூடு கட்ட உள்ளே ஈரம் வேண்டும், ஈரம் மரத்தைத் தின்னும். வீட்டுக்கு அதைவிடப் பெரிய கேடு வேறில்லை.

2008 சூலையில் ஜார்ஜ் டவுனை மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. மையப் பகுதி 109 ஹெக்டேர், அதைச் சுற்றிக் காப்புப் பகுதி 150 ஹெக்டேர். குருவிப் பண்ணைகளுக்கு 2013-க்குள் இடத்தைக் காலி செய்யக் கெடு வைத்தார்கள். திங்க் சிட்டி என்ற அமைப்பு 2009-லிருந்து பழுது பார்க்க மானியம் கொடுத்தது. 2012-இல் ஜார்ஜ் டவுன் விழாவுக்காக லிதுவேனியாக்காரர் எர்னெஸ்ட் ஜகாரெவிச் சுவரில் ஓவியங்கள் வரைந்தார். ஆர்மேனியன் தெருவில் நிஜ சைக்கிளைச் சுவரில் பதித்து, அதில் இரு பிள்ளைகள் சிரித்தபடி போவதாக வரைந்தாரே, அதுதான் கூட்டத்தை இழுத்தது. பிறகு காப்பிக்கடை, அதன் பின்னால் அறை. நாம் வாடகைக்கு எடுக்கப்போவது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை.

இனி சுவர். இந்த மதிப்புரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சுவர் மென்மையாகச் சுட்ட செங்கல், சுண்ணாம்புச் சாந்து, மேலே காரைப் பூச்சு, அதன் மேல் சுண்ணாம்படி. அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. பட்டணமோ கடலோரம், நிலத்தடி நீர் கையெட்டும் ஆழத்தில், அதுவும் உப்புக் கலந்து. ஓதம், அதாவது நிலத்திலிருந்து ஊறும் ஈரம், சுவரில் மூன்று நான்கு அடி வரை ஏறும். சுண்ணாம்பு அதை வெளியே ஆவியாக விட்டுவிடும். உப்பு மேற்பரப்பில் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். துடைத்துவிட்டு மறுபடி அடிப்பார்கள். இப்படித்தான் நூறு வருடம் நின்றன. இதன் மேல் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழி இல்லாமல் இன்னும் மேலே ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லையே மாவாக்கும். ஒரு நாள் பூச்சு பாளமாகக் கழன்று விழும்போது, பின்னால் கல் இருக்காது, சிவப்புத் தூள்தான் இருக்கும்.

முறையான வேலை பொறுமையைக் கேட்கும். ஓதக் கோட்டுக்கு மேல் ஒன்றரை, இரண்டு அடி வரை சிமெண்டைக் கொத்தி எடுக்க வேண்டும். சுவரை மாதக்கணக்கில் காய விட வேண்டும். காகிதக் கூழோ களிமண்ணோ அப்பி, அது உறிஞ்சிய உப்போடு பிய்த்து எடுக்க வேண்டும்; ஒரு தடவையில் முடியாது. பிறகு நன்றாக நீற்றிப் புளிக்க வைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை. ஒவ்வொன்றும் வெடிக்காமல் இருக்க நாள்கணக்கில் ஈரச் சாக்கு. கடைசியில் பால்போல் கரைத்த சுண்ணாம்பை நாலைந்து கை அடிப்பது. இத்தனை மாதம் கட்டடம் சம்பாதிக்காமல் நிற்கும் என்பதால்தான் குறுக்கு வழி: ஓதச் சுவருக்கு முன்னால் ஜிப்சம் பலகை நிறுத்தி மறைப்பது, அல்லது நீர்புகாப் பெயிண்ட் அடிப்பது. இரண்டிலும் ஓதம் அப்படியே இருக்கும், வாசம் மட்டும் உங்களுக்கு.

கண்டுபிடிப்பது சுலபம். பெட்டியை இறக்கி வைத்ததும் உள்ளே போகாமல், விரலை நீரில் நனைத்து முகப்புச் சுவரில் ஒரு கோடு இழுங்கள். சுண்ணாம்பு என்றால் கோடு உடனே உள்ளிழுக்கப்பட்டுக் கருத்து நிற்கும். எமல்ஷன் என்றால் நீர் முத்து முத்தாக வழியும். பிறகு அறைச் சுவரைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் விரல் கணுவால் தட்டுங்கள். டொக் டொக்கென்று வெற்றொலி வந்தால் பலகை. கட்டிலின் தலைமாட்டை அந்தச் சுவரில் ஒட்டிப் போட்டிருந்தால் வேறு அறை கேளுங்கள்; மூக்கடைப்பு இருப்பவர்களுக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிடும்.

இணையத்தில் விருந்தினர்கள் எழுதும் குறைகளையும் இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். ‘சுவரில் சாய்ந்தால் சட்டையில் வெள்ளையாக ஒட்டுகிறது’ என்று ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்தால் அந்த விடுதியைத் தைரியமாகக் குறித்துக்கொள்ளலாம், அங்கே நிஜச் சுண்ணாம்பு. அடிச்சுவரில் பூச்சு உதிர்கிறது என்பதும் அப்படித்தான், ஓதம் சரியான வழியில் வெளியேறுகிறது. ‘சுவர் எல்லாம் பளிச்சென்று புதுசு, ஆனால் ஏதோ பழைய துணி வாடை’ என்று எழுதியிருந்தால் விலகிவிடுங்கள்.

நல்ல வேலை எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்கிக்கொள்ள லெய்த் தெருவில் உள்ள சியோங் ஃபாட் சீ மாளிகைக்கு ஒருமுறை போவது நல்லது. 38 அறை, 5 முற்றம், 7 மாடிப்படி, 220 சன்னல். சிதிலமாகக் கிடந்ததை 1989-இல் வாங்கி மீட்டெடுத்தார்கள். யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது 2000-இல் கிடைத்தது. அதன் சுவரின் பேர்பெற்ற நீலம் பெயிண்ட் அல்ல, சுண்ணாம்பில் கலந்த அவுரி. அவுரிச் சாயம் அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு. தங்க வேண்டும் என்று இல்லை, சுற்றிப் பார்க்க விடும் நேரத்தில் போனால் போதும். வெயில் நேரத்தில் முற்றத்தருகே நின்று பாருங்கள், மின்விசிறி இல்லாமலே காற்று நகர்வது தெரியும்.

அறை எடுக்கும்போது வீட்டின் எந்தக் கட்டு, எந்தத் தளம் என்பதுதான் பாதி விஷயம். தரைத்தள அறையில் ஓதமும் தெருச் சத்தமும் சேர்ந்து கிடைக்கும். மாடி முன்னறை படத்துக்கு அழகு. மரச் சட்டச் சன்னலில் கண்ணாடி இருக்காது அல்லது இடுக்கு விட்டிருக்கும், மோட்டார்சைக்கிள் படுக்கைக்குள்ளேயே ஓடும். நடு அறைக்கு முற்றத்தைப் பார்த்த சன்னல் மட்டும். முற்றம் திறந்திருந்தால் அருமை, மழை விழும் சத்தத்தோடு தூங்கலாம். மழைக்குப் பயந்து பாலிகார்பனேட் தகடு போட்டு மூடியிருந்தால், நண்பகலில் வெப்பம் அங்கே தேங்கி, ஏசி நின்ற பத்து நிமிடத்தில் அறை இட்லிக் கொப்பரை ஆகிவிடும். பின்கட்டு மாடி அறைதான் பொதுவாக அமைதி. பின்சந்தில் சாப்பாட்டுக் கடையின் புகைபோக்கி இல்லை என்று மட்டும் கேட்டு உறுதி செய்யுங்கள்.

முன்பதிவுக்கு முன் விடுதிக்குச் செய்தி அனுப்பி மூன்று கேள்வி கேளுங்கள்: அறையின் சன்னல் எதைப் பார்க்கிறது, முற்றம் மூடியதா திறந்ததா, தலைக்கு மேல் இன்னோர் அறை உண்டா. மூன்றாவதை யாரும் கேட்பதில்லை, தூக்கம் போவது அதனால்தான். மாடித் தரை ஓர் அங்குலப் பலகை. மேலே ஒருவர் செருப்போடு நடந்தால் கீழே தச்சுவேலை நடப்பது போல இருக்கும். பலகை இடுக்கில் விளக்கு வெளிச்சம் கோடாகத் தெரியும். மேலே கொட்டிய தண்ணீர் கீழே வந்து சேரும். விட்டங்களுக்கு இடையே ஒலித்தடுப்பு வைத்துக் கீழ்ப்பலகை அடித்த வீடுகளும் உண்டு, ஆனால் அங்கே பழைய விட்டங்கள் கண்ணுக்குத் தெரியாது. விட்டமும் தெரிய வேண்டும், சத்தமும் கேட்கக் கூடாது என்பது நடக்காத காரியம்.

மாடித் தரையில் கால் வைத்தால் துளி அதிர்வும் இல்லை, முற்றமும் இல்லை, எங்கு பார்த்தாலும் பொய்க்கூரை என்றால் அது முகப்பை மட்டும் வைத்துக் கட்டிய புதுக் கட்டடம். தூங்க வசதிதான். பாரம்பரியம் என்று கூடுதல் காசு மட்டும் கொடுக்க வேண்டாம்.

மின்தூக்கி இருக்காது. படி செங்குத்து, மிதி குறுகல். வயதானவர்களோடு போகிறவர்கள் மாடி அறையை மறந்துவிடலாம். அவர்களுக்குக் கடைவீடே தோதுப்படாது என்று நேராகச் சொல்லிவிடுவது மேல். இருபது கிலோ பெட்டியை இரண்டு பத்துக் கிலோ பையாகப் பிரித்துக் கொண்டுபோனால் முதுகு தப்பும்.

குளியலறை இந்த வீடுகளுக்குப் பின்னால் வந்த விருந்தாளி. பலகைத் தரையில் கழிவுக் குழாய்க்குச் சரிவு கொடுக்க இடம் போதாததால், குளியலறைத் தரையை அரையடி, முக்காலடி உயர்த்தியிருப்பார்கள். இரவில் தூக்கக் கலக்கத்தில் அந்தப் படியில்தான் கால் இடறும். தண்ணீர்த் தொட்டி ஓட்டுக்கு அடியிலேயே உட்கார்ந்திருப்பதால் மேல்மாடியில் ஷவர் நூலாக வரும். அழுத்த மோட்டார் வைத்திருந்தால் நீர் நன்றாக வரும், ஆனால் பக்கத்து அறைக்காரர் குழாயைத் திறக்கும்போதெல்லாம் அது உறுமும். சாக்கடை வாடை அடித்தால் பெரும்பாலும் நாலைந்து நாள் ஆளில்லாத அறை. தரை வடிகாலின் வளைவில் நீர் வற்றியிருக்கும். இரண்டு குவளை தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் பாருங்கள். அப்போதும் போகாவிட்டால் வளைவே வைக்கவில்லை என்று அர்த்தம், அறையை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

நெருப்பு விஷயத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். மர மாடி, மரப்படி ஒன்றே ஒன்று, ஒட்டிய கூரை. பின்சந்துக்குத் திறக்கும் கதவு எங்கே, இரவில் அது பூட்டியிருக்குமா, சாவி யாரிடம் என்று தெரியாமல் படுக்கக் கூடாது.

தெருவைப் பொறுத்தவரை, லவ் லேனும் அதை ஒட்டிய சூலியா தெருப் பகுதியும் மதுக்கடை வரிசை. நள்ளிரவு தாண்டியும் பாட்டு ஓயாது. இருபது வயதுக்காரர்களுக்குச் சரி. முந்திரி தெரு, ஸ்டூவர்ட் சந்து ஆகியவை நடந்துபோகும் தூரத்தில், கணிசமாக அமைதி. (முந்திரி என்றதும் பழம் என்று எண்ண வேண்டாம், மந்திரி என்பதன் மலாய் உருவம்.) ஆர்மேனியன் தெருவில் காலை ஒன்பதுக்கு மேல் வாசலில் நின்று பல் குச்சி மெல்லக்கூட முடியாது, சைக்கிள் ஓவியத்துக்கு வரிசை நிற்கும். ஓவியமும் வெயிலிலும் கைபட்டும் மங்கத்தான் செய்யும். விடிந்ததும் ஏழு மணிக்குப் போனால் வெளிச்சமும் இதம், ஆளும் இல்லை.

தமிழர்களுக்கு நம் பரிந்துரை லிட்டில் இந்தியா ஓரம்: பாசார் தெரு, பினாங்கு தெரு, கிங் தெரு, குவீன் தெரு. பட்டணத்தின் மற்ற பகுதிகளில் கடைவீடு அலங்காரமாக நிற்கிறது. இங்கே இன்னும் வேலை செய்கிறது. கீழே புடவைக் கடை, மளிகை, பூக்கட்டு, நகைக்கடை, மேலே சரக்கு. பினாங்கு தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் (வட்டிக்கடைகள்) இருந்த நீண்ட கூடங்களைப் பார்க்கலாம். குவீன் தெரு மகா மாரியம்மன் கோவில் 1833-இல் வந்தது. காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் தலைவர் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801-ஐச் சேர்ந்தது, கூப்பிடு தூரத்தில் நாகூர் ஆண்டவர் பேரில் இங்கே எழுப்பிய நாகூர் தர்கா. சூலியா தெரு என்ற பெயரே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம்களைக் குறிப்பது. சத்தத்துக்குத் தயாராக இருங்கள். கடை ஒலிபெருக்கிகள் இரவு வரை பாடும், விடியுமுன் பாங்கு, பின்னாலேயே கோவில் மணி.

சாப்பாட்டுக்கு விடுதியின் காலை உணவைச் சேர்க்காமல் அறையை எடுங்கள். ரொட்டியும் ஜாமும் கொடுத்துக் கட்டணத்தில் ஏற்றிவிடுவார்கள். இரண்டு தெரு நடந்தால் தோசை. நாசி கண்டாருக்குக் கேம்பல் தெருவின் ஹமீதியா 1907-லிருந்து இருக்கிறது. பினாங்கு சாலைச் சந்துக்குள் லைன் கிளியர் என்ற கடை. காவடிக் கழியில் (அதுதான் கண்டார்) சோற்றுப் பானையும் கறிப் பானையும் தொங்கவிட்டு விற்ற தமிழ் முஸ்லிம்களின் உணவுதான் நாசி கண்டார். எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்வதற்கு ‘பஞ்ஜிர்’ என்றால் போதும், வெள்ளம் என்று பொருள். காய்கறி, இறைச்சிக்குத் தனித்தனி விலை, ஆகவே பெரிய மீன் துண்டையோ இறாலையோ கைகாட்டும் முன் விலை கேட்பது புத்திசாலித்தனம்.

ஞாயிறு தங்குவதாக இருந்தால் குருத்வாரா சாலையில் ஹின் பஸ் டிப்போ. 1947-இல் கட்டிய பேருந்துக் கொட்டகை, 2014-லிருந்து கலைக்கூடம். ஞாயிறு சந்தையில் கைவினைப் பொருள் கொஞ்சம் விலை கூடுதல்தான், ஆனால் பாழடைந்த இடத்தைப் பளபளப்பாக்காமல் அப்படியே பயன்படுத்துவது எப்படி என்பதற்கு நல்ல மாதிரி: கூரை இல்லாத பகுதியில் கூரை போடாமல் புல்தரையாக விட்டிருக்கிறார்கள்.

கட்டணத்தில் ஒளிந்திருப்பவை: வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓரிரவு 10 ரிங்கிட் சுற்றுலா வரி. பினாங்கு மாநிலத்தின் தங்கும் கட்டணம் தனி, இரண்டு மூன்று ரிங்கிட். இவை இணையத்தில் காட்டும் தொகையில் பெரும்பாலும் சேராது, விடுதி மேசையில் கேட்பார்கள். வாகனம் நிறுத்த வீட்டோடு இடம் கிடையாது. தெருவோரக் கட்டண இடம்தான், காலையில் அதற்கும் போட்டி. பட்டணம் முழுக்க நடக்கிற தூரம் என்பதால் வாடகைக் கார் எடுக்காமல் வருவது மேல்.

தைப்பூசத்தை ஒட்டி வருவதானால் மாதங்களுக்கு முன்பே அறை பிடியுங்கள். முந்தைய நாள் அதிகாலையில் நகரத்தார் வெள்ளித்தேர் பினாங்கு தெருவில் உள்ள ‘கோவில் வீடு’ என்ற இடத்திலிருந்து தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் புறப்படும். தெருவெங்கும் தேங்காய் சிதறும். அந்த நாளுக்கு மட்டும் பின்கட்டு அறையை விட்டுவிட்டு, முன்னறையைக் கேளுங்கள். தேர் கிளம்பும் தெருவிலேயே மாடிச் சன்னல் கிடைத்தால் எவ்வளவு சொன்னாலும் கொடுக்கலாம். மற்ற நாளில் அதே சன்னலுக்குப் பேரம் பேசுங்கள்.